இடுப்பளவு தண்ணீரில் கால் மைல்

பாசிக்குடாவில் கடலுக்குள் நடந்தே போகலாம். தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வரும். அதற்குமேல் ஏறாமல் நெடுந்தூரம் அப்படியே நிற்கும். வெளியே கிடக்கும் பவளப்பாறை அலையை வாங்கிக்கொள்வதால் உள்ளே குடா குளம்போல அசையாமல் கிடக்கிறது. காலை ஏழரை மணி. ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடும் பையன், வந்திருந்தவரின் இடது மணிக்கட்டில் சிவப்புக் கயிறொன்றை மாட்டி, மறுமுனையைக் கைபிடிக்குக் கீழிருந்த பொத்தானில் செருகினான்.

"விழுந்தீங்கண்டா இது கழரும் அண்ணா. கழண்டா எஞ்சின் நிக்கும். இது இல்லாம ஒருத்தரையும் ஏத்திறல்ல."

வந்தவர் ரொறன்ரோவில் ஒரு கராஜில் கார் எஞ்சின் பிரித்துப் பூட்டுகிறவர். பிறந்தது மட்டக்களப்பு வாவிக்கரை. ஜெட் படகு டிராக் ரேஸ் ஓட வேண்டும் என்பது அவருடைய நாட்பட்ட ஆசை. கூட வந்த தாய்மாமன் நாற்பது வருடமாக வாவியில் வலை போடுகிறவர். மருமகன் ஓடப்போகும் படகு எப்படிப்பட்டது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் பாசிக்குடா வரை வந்தார். ஜெட் படகு இங்கே ஏது? ஆனால் அதன் தம்பி இருக்கிறது. ஜெட் ஸ்கீயின் வயிற்றில் ஓடுவதும் அதே பம்பின் சிறிய வடிவந்தான். ஆகவே இந்த ஆட்டத்தில் கால்வைக்க நினைக்கிற எவருக்கும் மட்டக்களப்பு மாவட்டத்தில் முதல் பள்ளிக்கூடம் பாசிக்குடா மணல்.

முதல் பாடம் பத்தாவது நிமிடத்திலேயே கிடைத்தது. எல்லைக்குறியாகப் போட்டிருந்த மிதவை ஒன்று எதிரே வந்தது. மருமகன் கைபிடியை வலப்பக்கம் முழுதாக ஒடித்தார். அந்தப் பதற்றத்தில் வேகப் பிடியிலிருந்து விரலையும் எடுத்துவிட்டார். ஸ்கீ திரும்பவில்லை. வழுக்குத் தரையில் விட்ட பெட்டிபோல நேரே போய் மிதவையை உரசிக்கொண்டு நின்றது. கரையில் நின்ற மாமா முகம் சுருங்கியது.

"ஏன் மனே, கிறுக்கினாய்தானே? ஏன் கிறுகல்ல?"

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் ஜெட் படகின் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

சாதாரண எஞ்சின் போட்டில் தண்ணீருக்குள் புரொப்பெல்லர் சுழலும், அதைத் திருப்பினால் போட் திரும்பும். சுக்கான் பூட்டிய படகில், எஞ்சினை நிறுத்தினாலும் ஓடும் வேகம் இருக்கும்வரை சுக்கான் வேலை செய்யும். ஜெட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எதுவுமே இல்லை. அடிவயிற்றில் கம்பித் தட்டி போட்ட ஒரு வாய். அதன்வழியே தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் அழுத்தம் ஏற்றி, பின்னால் ஒரு குறுகிய குழாய்வழியே பீறிட்டு அனுப்புகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயைப் பெருவிரலால் அழுத்தியவர்களுக்குக் கை பின்னுக்குத் தள்ளப்படுவது தெரியும். அதே தள்ளல்தான். திருப்புவதென்றால் அந்தப் பீறலைப் பக்கவாட்டில் மடக்க வேண்டும். பின்னே போவதென்றால் குழாயின் வாய்க்கு முன் ஒரு மூடியை இறக்கி, பீறலை முன்பக்கம் திருப்பிவிட வேண்டும். பீறல் இல்லையென்றால் திருப்பமும் இல்லை. பயந்தால் காலையோ கையையோ எடுப்பது மனிதச் சுபாவம். ஜெட்டில் கொஞ்சம் வேகம் கொடுத்துக்கொண்டுதான் விலக முடியும். உடம்பு பழகியிருப்பதற்கு நேரெதிரானதை அதற்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

மாமாவுக்கு இது உடனே பிடிபட்டது. "அப்ப தண்டு வலிக்கிற மாதிரி. வலிச்சாத்தான் தோணி கேக்கும்" என்றார்.

இந்த இயந்திரம் வேகத்துக்காகப் பிறந்ததல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையை நடத்திய வில்லியம் ஹமில்டன், 1950களின் தொடக்கத்தில், தன் ஊர் ஆறுகளில் ஏறிப்போக ஒரு படகு தேடினார். அந்த ஆறுகள் பல கிளையாகப் பிரிந்து, கூழாங்கல்மேல் கணுக்காலளவு தண்ணீராக ஓடுபவை. புரொப்பெல்லர் போட்ட படகு முதல் கல்லிலேயே முறிந்துபோகும். தண்ணீரைப் பீறிடச் செய்யும் யோசனை அவருக்கு முன்பே இருந்தது. அவருடைய பட்டறை கண்டது, பீறலைத் தண்ணீருக்கு அடியில் விடாமல் மேற்பரப்புக்கு மேலே, காற்றுக்குள் விட்டால் படகு இன்னும் விரைவாகப் போகிறது என்பதை. 1960இல் ஹமில்டனின் ஜெட் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கினூடே நீரோட்டத்தை எதிர்த்து ஏறின.

நம் பக்கத்துக்கும் இந்தப் படகு வந்திருக்கிறது. எவரெஸ்டில் டென்சிங்குடன் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977இல் மூன்று ஜெட் படகுகளோடு கங்கைக்கு வந்தார். வங்காள விரிகுடாவில் கங்கை கலக்கும் கங்காசாகரில் தொடங்கி, காசியைக் கடந்து, ரிஷிகேசத்துக்கு மேலே இமயத்தின் வெள்ளை நீரில் ஏறி, நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி வழிமறிக்கும்வரை படகுகள் போயின. அதில் வில்லியம் ஹமில்டனின் மகன் ஜோனும் ஒருவர். கரையெங்கும் கூடி நின்ற மக்கள், புரொப்பெல்லர் இல்லாமல் ஆற்றை எதிர்த்து ஏறும் படகை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஆழமில்லாத தண்ணீர்தான் இந்தப் படகின் தாய்வீடு. ஆழம் 4 மீற்றரைத் தாண்டாத, பல இடங்களில் ஆள் நின்றே வலை இழுக்கிற மட்டக்களப்பு வாவிக்கு அது அந்நியமாக இருக்க நியாயமில்லை.

பண்ணையில் பிறந்த படகைப் பந்தயத்துக்கு இழுத்தவர்கள் கலிபோர்னியாக்காரர்கள். 1960களிலும் 70களிலும் அங்கே பெரிய வி8 கார் எஞ்சின்கள் கழிவு விலைக்குக் கிடைத்தன. விவசாயத்துக்கு நீர்ப்பம்பு செய்துகொண்டிருந்த பெர்க்லி என்ற நிறுவனமும், பின்னாளில் குமிழித் தொட்டிக்குப் பேர்போன ஜக்கூசி சகோதரர்களின் நிறுவனமும் படகுக்கு ஜெட் பம்பு செய்து விற்றன. கொல்லையில் கார் எஞ்சின், கடையில் பம்பு, பக்கத்து ஊரில் ஃபைபர் படகு. இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் வார இறுதிப் பந்தயம் பிறந்தது. பேக்கர்ஸ்ஃபீல்ட் நகருக்கு அருகே லேக் மிங் என்றொரு சிறிய செயற்கை ஏரி உண்டு. டிராக் பந்தயப் படகுகள் பல பத்தாண்டுகளாக ஓடிவரும் தண்ணீர் அது.

ஓட்டம் எளிமையானது. இரண்டு படகு, நேர்கோடு, முன்பெல்லாம் கால் மைல், அதாவது 402 மீற்றர். வேகம் கூடக்கூட, நிற்பதற்குத் தண்ணீர் போதாமல் பல இடங்களில் 1,000 அடியாகக் குறைத்தார்கள். உச்ச வகுப்பில் நைட்ரோமெதேன் எரிக்கும் படகுகள் மணிக்கு 250 மைலையும் தாண்டிவிட்டன. அவற்றின் ஓட்டுநர் மூடிய கூண்டுக்குள் ஒக்சிசன் முகமூடியோடு இருப்பார். அவை பெரும்பாலும் புரொப்பெல்லர் படகுகள். புதிதாக வருகிறவருக்கு அங்கே வேலை இல்லை. அமெச்சூர் ஜெட் படகுக்காரர்களுக்கு ஆற்றுப் படகு வகுப்புகள் என்று தனியாகப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஓடும் அதே படகைக் கொண்டுவந்து இறக்கலாம்.

அந்த வகுப்புகளின் விதி ஒன்றுதான் மருமகனை இந்த ஆட்டத்தில் கட்டிப்போட்டது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நேரம் குறித்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு எவ்வளவு நெருங்கி வர முடியுமோ அவ்வளவு நெருங்கி வர வேண்டும், ஆனால் அதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தால் தோல்வி. காசு கொட்டி ராட்சத எஞ்சின் பூட்டியவர் அதனாலேயே வெல்ல முடியாது. தன் படகை நன்றாக அறிந்தவர், அன்றைய காற்றையும் வெப்பத்தையும் கணக்கில் எடுத்தவர், விளக்கு மாறும் கணத்தில் கால் தவறாதவர் வெல்கிறார். ஏழையும் பணக்காரரும் ஒரே கோட்டில் நிற்க இதைவிட நேர்மையான ஏற்பாடு இயந்திர விளையாட்டுகளில் அதிகம் இல்லை.

தொடக்கக் கோட்டில் இன்னொரு சங்கடம். பெர்க்லி போன்ற பழைய பம்புகள் எஞ்சினோடு நேராகப் பூட்டப்படுபவை. கியர் கிடையாது, நியூட்ரல் கிடையாது. எஞ்சின் பற்றிய கணத்திலிருந்து இம்பெல்லர் சுழலும், படகு நகரும். காரைப்போல கோட்டில் நிறுத்தி உறுமவிட முடியாது. இரண்டு படகும் மெல்ல ஊர்ந்துகொண்டே கோட்டை நெருங்க, விளக்கு எண்ணிக்கொண்டு வரும், கோட்டைத் தொடும்போது பச்சை விழ வேண்டும். அரைச் செக்கன் முந்தினால் சிவப்பு, அத்தோடு வெளியே. பொறுமையாக ஊர்ந்து வரத் தெரியாதவருக்குப் பாயும் வாய்ப்பே கிடைக்காது.

பாசிக்குடாவிலிருந்து வாழைச்சேனை, கிரான், ஏறாவூர் வழியாக மட்டக்களப்புக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். மாமா வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. நகரம் வந்து, புளியந்தீவுப் பக்கம் இறங்கி, கல்லடிப் பாலத்தில் ஏறியபோதுதான் நின்றார்.

1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், அன்றைய ஆளுநர் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம், இன்னும் நிற்கிறது. 2013இல் திறந்த புதுப் பாலம் பக்கத்தில் போக்குவரத்தைச் சுமக்கிறது. பாலத்தின் நீளம் 290 மீற்றருக்கு ஒட்டி வரும். ஆயிரம் அடிப் பந்தயத் தூரம் 305 மீற்றர். ஆக, பாலத்தின் இந்த முனையில் நின்று அந்த முனையைப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு முழுப் பந்தயமும் கண்ணுக்குள் வந்துவிடும். அதைப் பத்துச் செக்கனில் கடக்கும் படகுக்குச் சராசரி வேகமே மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். மருமகன் பாலத்தில் நடந்து நேரம் பார்த்தார். அவருக்கு மூன்றரை நிமிடம் பிடித்தது.

இந்தப் பாலத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை, நிலவு நிறைந்த அமைதியான இரவில், பாலத்தருகே தோணியை நிறுத்தி, தண்டின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி மறுநுனியைக் காதில் வைத்தால் நரம்பை மீட்டினாற்போல ஒலி கேட்கும். பாடும் மீன்களின் ஊர் என்றே மட்டக்களப்பு அதனால் அழைக்கப்படுகிறது. புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க யேசு சபைத் துறவி லாங் அடிகளார் 1954இல் அதை ஒலிப்பதிவும் செய்தார். மீன் பாடுகிறதா, கிளிஞ்சல் பாடுகிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஒலி மட்டும் உண்மை.

பந்தய எஞ்சினோ திறந்த புகைக்குழாயில் காதைக் கிழிக்கிற சத்தம் போடுகிறது. மெல்லொலிக்குப் பேர்பெற்ற தண்ணீரில் அதை ஓடவிடுவதா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த விளையாட்டைப் பற்றி மட்டக்களப்பில் பேச முடியாது, பேசவும் கூடாது. கல்லடிப் பாலத்தடி ஒருபோதும் பந்தயத் தடமாகக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் நிலை. 56 கிலோமீற்றர் நீளம், அகன்ற இடத்தில் 4 கிலோமீற்றர் என்று கிடக்கும் வாவியில் சத்தம் அடக்கிய எஞ்சினுக்கு ஒரு நேர்த்துண்டு தேடலாம். பாடும் மீனுக்கு வேறு வீடு தேட முடியாது.

மறுநாள் விடியப் பாலமீன்மடு. 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீடு, பக்கத்தில் முகத்துவாரம், வாவி கடலோடு சேரும் வாய். எதிரே மணல் நாக்குபோல நாவலடி. 2004 டிசம்பர் 26 காலை கடல் அந்த மணல் நாக்கின்மேல் ஏறி வாவிக்குள் இறங்கியது. நாவலடியில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். இங்குள்ளவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகத் தாழ்வதற்குக் காரணம் உண்டு. வடக்கே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 அன்று ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் உட்படச் சிலர் உயிரிழந்ததும் கிழக்கில் ஒருவரும் மறக்காதது. ஆகவே படகுப் பந்தயம் என்று யார் வந்தாலும் ஊர் முதலில் கேட்கப்போவது, மீட்புப் படகு எங்கே, நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர், உயிர்காப்பு அங்கி யாருக்கெல்லாம் உண்டு என்பதைத்தான். கலிபோர்னியாவில் கேட்பதும் இதையேதான். தலைக்கவசம், வேகத்துக்கென்று தைத்த அங்கி, உடம்போடு கட்டிய நிறுத்தக் கயிறு, தண்ணீரிலே காத்து நிற்கும் மீட்புக்குழு ஆகியவை இல்லாமல் எந்தப் படகையும் கோட்டுக்கு விடுவதில்லை. பாசிக்குடாப் பையன் மாட்டிய சிவப்புக் கயிறும் அங்கே உச்ச வகுப்பு ஓட்டுநர் கட்டுவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

முகத்துவாரத்தில் நின்றுதான் மாமா வாவியின் பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தார். மாரி மழைக்கு வாவி நிரம்பும். மேற்குக் கரையான படுவான்கரையின் வயலுக்குள் தண்ணீர் ஏறும். அப்போது மணல்மேட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறப்பார்கள். வெள்ளம் வடிய, கடல் உப்பு உள்ளே வரும், இறால் வரும். மறுகா வாய் தூரும், தண்ணீர் இளகும். ("மறுகா" என்பது "பிறகு" என்பதற்கு மட்டக்களப்பார் வைத்திருக்கும் அழகான சொல்.) வெள்ளத்தோடு ஆற்றுவாழையும் திட்டுத்திட்டாக மிதந்து வரும். கச்சான் காற்று கிளம்பும் மாதங்களில் பகல் ஏறினால் வாவி சுருக்கம் விழுந்து நொறுநொறுவென்று அடிக்கும். வெள்ளாப்பிலிருந்து எட்டு மணி வரை கண்ணாடி.

மருமகன் இவை ஒவ்வொன்றையும் தன் தொழிலின் மொழியில் எழுதிக்கொண்டார். ஆற்றுவாழை என்றால் பம்பின் வாய் அடைபடும். தட்டியில் நாலு தண்டு சிக்கினாலே இம்பெல்லர் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கி, எஞ்சின் அலற, படகு நகராது. உப்பு என்றால் அலுமினியப் பம்பு அரிக்கும், அதுவும் எஞ்சினைக் குளிர்விக்க அதே நீரை உள்ளே எடுக்கும் அமைப்பில் இரட்டைக் கேடு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆழமில்லாமை என்றால், ஓடும்போது சில அங்குலம் போதும், ஆனால் நின்ற இடத்திலிருந்து எஞ்சினைத் தட்டும்போது இடுப்பளவாவது வேண்டும். இல்லாவிட்டால் அடி மணலை உறிஞ்சி இம்பெல்லரையும் அதைச் சுற்றிய வளையத்தையும் தேய்த்துவிடும். காற்று என்றால், பந்தயம் விடியலில். ஒரு மனிதர் நாற்பது வருடம் சும்மா தெரிந்துவைத்திருந்தது எதுவும் சும்மா இல்லை.

வெளியிலிருந்து வரும் விளையாட்டு இந்த மண்ணில் பிடிக்குமா என்ற சந்தேகத்துக்கு நகரத்திலேயே பதில் இருக்கிறது. வெபர் மைதானம். அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைத் துறவி வெபர் அடிகளார் மட்டக்களப்புப் பிள்ளைகளை ஆண்டாண்டாக மைதானத்தில் ஓடவைத்தவர். லூசியானாவிலிருந்து வந்து 1990இல் காணாமற்போன ஹேபர்ட் அடிகளார் கூடைப்பந்தைச் சொல்லிக்கொடுத்தார். இன்று புனித மிக்கேலில் கூடைப்பந்தை வெளிநாட்டு விளையாட்டு என்று யாரும் நினைப்பதில்லை. தினமும் மாலை ஒரு மனிதர் ஊதுகுழலோடு வந்து நின்றார். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

எதிர் உதாரணமும் கிட்டத்தில்தான். 2018 நவம்பர் 16 முதல் 18 வரை விஜயவாடாவில் கிருஷ்ணா நதியில் உலக ஃபார்முலா 1 விசைப்படகுப் போட்டி நடந்தது. 2004இல் மும்பையில் நடந்ததற்குப் பிறகு இந்தியாவில் அதுதான் முதல். கரையெல்லாம் கூட்டம். அடுத்த ஆண்டு அந்த நதிக்கு அது திரும்பவில்லை. திருவிழா வந்தது, போனது. ஓட்டக் கற்ற பிள்ளைகளோ, படகு பிரிக்கக் கற்ற பட்டறையோ அதன்பின் எத்தனை மிஞ்சின என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மட்டக்களப்புக்கு அந்த வகைத் திருவிழா வேண்டாம்.

வேண்டியது கை. அது இங்கே இருக்கிறது. வாவிக்கரை ஊர்களில் ஒழுங்கைக்கு ஒருவர், மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்ட் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். கடற்றொழில் எஞ்சின் பழுதுபார்ப்பையும் படகோட்டலையும் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கும் சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையம் உண்டு. ஃபைபர் படகு வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வி8 எஞ்சினை இறக்குமதி செய்து தொடங்க வேண்டியதில்லை. உடைந்த ஜெட் ஸ்கீ ஒன்றின் எஞ்சினும் பம்பும், உள்ளூரில் வார்த்த பன்னிரண்டடிப் படகும் சேர்ந்தால் சிறு ஜெட் படகு. உலகத்தில் பலரும் கொல்லைப்புறத்தில் அப்படித்தான் தொடங்குகிறார்கள். தண்ணீரில் அதிவேக உலகச் சாதனையை 1978 ஒக்டோபர் 8 அன்று மணிக்கு 511 கிலோமீற்றரில் நிலைநாட்டிய அவுஸ்திரேலியர் கென் வார்பி, தன் மரப்படகை சிட்னியில் வீட்டு முற்றத்தில்தான் கட்டினார். அது விமான எஞ்சின் பூட்டிய வேறு சாதி. ஆனால் முற்றம் அதே முற்றம்.

போகவேண்டிய வாசல்களும் உண்டு: கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம், பொலிஸ், பிரதேச செயலகம். அவற்றுக்கும் முன்னால் மீனவர் சங்கம். வாவியில் எந்த இடம் யாருடைய பாடு, எந்த இரவில் எங்கே வலை கிடக்கும், கண்டல் வேருக்குள் இறால் குஞ்சு எங்கே ஒதுங்கும் என்பது எந்தக் கடதாசியிலும் இல்லை. ஒரு படகு வேகமாகப் போனால் அதன் அலை கரை மண்ணையும் கண்ணாப் பற்றையின் அடியையும் அறுக்கும், கட்டிய வலையைப் பிடுங்கும். கேட்காமல் எஞ்சின் தட்டுகிறவர் முதல் நாளிலேயே ஊரை இழப்பார்.

மூன்றாம் நாள் வெள்ளாப்பில் மாமாவின் ஃபைபர் போட், பதினைந்து குதிரைவலு எஞ்சின், இருவர். மண்முனைப் பக்கம் போனார்கள். 2014இல் பாலம் வரும்வரை இங்கே எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்தது மிதப்புப் பாதைதான். பாலத்துக்குத் தெற்கே திறந்த தண்ணீர். முந்தின மாலையே மாமா அந்த இடத்து மீனவர்களிடம் கேட்டுவைத்திருந்தார். வலை இல்லாத துண்டு எது என்று ஒருவர் தோணியில் வந்து கைகாட்டிவிட்டும் போனார்.

கம்பை ஊன்றி ஆழம் பார்த்தார்கள். ஒன்றேகால் மீற்றர். இன்னும் ஐம்பது பாகம் தள்ளி ஒன்றரை. அடியில் சேறு, கல் இல்லை. தொலைபேசியில் தூரம் பார்த்து, 305 மீற்றருக்கு இரண்டு கம்பு நட்டு, நுனியில் வெள்ளைச் சீலை கட்டினார்கள். ஜெட் இல்லைதான். ஆனால் விதியை இந்த எஞ்சினிலும் பழகலாமே. மருமகன் விளக்கினார்: இங்கே வகுப்பு இல்லை, ஆகவே ஓடுமுன் உங்கள் நேரத்தை நீங்களே சொல்ல வேண்டும். அதற்கு நெருங்கி வர வேண்டும். அதைவிட முந்தினால் தோல்வி.

"முந்தினா தோல்வியா?"

"ஓம் மாமா."

மாமா வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "நல்ல விளையாட்டுத்தான்" என்றார்.

மருமகன் முதலில். ஐம்பது செக்கன் என்று சொன்னார். முதல் கம்பைத் தாண்டும்போது பிடியை முழுதாக முறுக்கினார். மூக்கு எழும்பி, பின் மெல்லப் படிந்து, போட் தண்ணீரின்மேல் ஏறி வழுக்கத் தொடங்கியது. அந்தக் கணத்தின் இனிப்பு எஞ்சினின் அளவைப் பொறுத்ததல்ல என்று முகம் சொல்லியது. இரண்டாவது கம்பில் நாற்பத்தாறு. நான்கு செக்கன் முந்திவிட்டார். தோல்வி.

மாமா பிடிக்கு வந்தார். மருமகனை முன்பக்கம் போய் உட்காரச் சொன்னார். பெற்றோல் கானை நடுவுக்கு நகர்த்தினார். கிழக்கிலிருந்து லேசாகக் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது, அதைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு, "ஐம்பத்திரண்டு" என்றார். முக்கால்வாசித் தூரத்தில் ஒருமுறை பிடியை மயிரிழை தளர்த்தி மறுபடி பிடித்தார். கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை. கரையில் நின்ற தென்னைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐம்பத்து மூன்று.

மருமகன் எண்ணைக் காட்டினார். மாமா தலையாட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தினார். வடக்கே தூரத்தில் ஒருவர் தோணியில் எழுந்து நின்று வீச்சு வலையைத் தோளில் மடிக்கத் தொடங்கியிருந்தார். அவர் வலையை வீசி, இழுத்து, உதறி முடிக்கும்வரை எஞ்சின் தட்டவில்லை. போட் தன்பாட்டில் மிதந்தது. வலையில் நாலைந்து மணலை மீன்கள் மின்னின.

"இப்ப நீ சொல்லு மனே" என்றார் மாமா, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே. "எத்தின?"

மருமகன் காற்றைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார். "நாற்பத்தொன்பது, மாமா."